நெற்றியைத் துடைத்தால் சூடு அதிகம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்பட்டு "சரி சரி, வை" என்பேன், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அந்தக் குணத்தில் நீ அச்சு அசல் என் மகள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு. கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

நீ கொட்டகலை ஸ்டேசனில் ரயில் ஏறிப் போய் ஒரு மாதமாகிறது. கையுறை செய்யும் தொழிற்சாலையில் பயிற்சி உத்தியோகத்தர் என்று கழுத்தில் அட்டை தொங்கும் படத்தை அனுப்பியிருந்தாய். அதை ஸ்டோரில் நான் காட்டாத ஆளில்லை. (தேயிலைத் தொழிற்சாலையை நம் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். உனக்குத் தெரியாததா? இதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும், அதனால் சொல்கிறேன். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ கேட்டாய்: "அப்பா, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கிற உங்க சர்டிபிகேட்ட ஒரு போட்டோ புடிச்சு அனுப்புங்க. புதுசா சேர்ற புள்ளைங்களுக்கு முதல் நாள் வகுப்புல காட்டப் போறேன். எங்கப்பாவும் லயத்துல இருந்துகிட்டே தொழில் கத்து சர்டிபிகேட் வாங்குனவருன்னு சொல்லப் போறேன்." சரி என்றேன். அப்புறம் போனில் கேமரா மங்கலாக இருக்கிறது என்றேன். அப்புறம் மழை, வெளிச்சமில்லை என்றேன். முந்தாநாள் வீடியோவில் வந்தபோது நீயே சுவரைப் பார்த்துவிட்டு, "பிரேம் எங்கப்பா?" என்றாய். "ஆணி கழண்டு விழுந்திருச்சு பாப்பா" என்றேன். ஆணி என் தலைக்கு மேலே, உன் கண்ணுக்கு நேரே, கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட என்னைவிடக் கெட்டிக்காரன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சான்றிதழில் இருக்கிற பெயர் என்னுடையது. அதில் எழுதியிருக்கிற திறமை உன் அம்மாவுடையது.

ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு இத்தனை வருடமாக நான்தான் பொறுப்பு. வீட்டு அடுப்பைப் போல நினைத்துவிடக் கூடாது. நம் லயக் காம்பிராவைவிட, வரிசை வீட்டில் நமக்கென்று இருக்கிற அந்த ஒற்றை அறையைவிட, நீளமான இரும்புப் பெட்டி அது. வாட்டி, உருட்டி, நிறம் மாறிய ஈரத் தூள் ஒரு முனையில் உள்ளே போகும். சூட்டுக் காற்றில் காய்ந்து மறுமுனையில் கறுப்பாக வந்து விழும். சூடு காட்டும் முள் இருக்கிறதுதான். ஆனால் மழை நாள் கொழுந்துக்கும் வெயில் நாள் கொழுந்துக்கும் ஒரே முள் சரிப்பட்டு வராது. வந்து விழுகிற தூளில் ஒரு கை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்துத்தான், ஈரத் தூளைத் தடிப்பாகப் பரப்புவதா மெல்லிசாகப் பரப்புவதா, சூட்டுக் காற்றை உள்ளே விடும் காற்றுக் கதவைத் திறப்பதா அடைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் கூடினால் கருகல் வாடை, கொஞ்சம் குறைந்தால் அவிந்த வாடை. அடுப்புக்காரனுக்கு மூக்குதான் கருவி. எனக்கு அந்தக் கருவி செத்துப்போய்ப் பல வருடமாகிறது, பாப்பா.

எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியாது. தூசி, புகை, ஓயாத மூக்கடைப்பு. ஒரு நாள் கைலியில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டதே ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்றும் ஆகாமல் நுவரெலியாவுக்குப் போய்ப் பெரிய டாக்டரையும் பார்த்தோம். இறம்பொடை அனுமார் கோயிலுக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது அதற்குத்தான். திரும்பி வந்ததும் நீ பிரசாதம் கேட்டாய், பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டோம் என்று அம்மா சொன்னாள். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது இன்னொன்று நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, பருப்பு கருகிப் புகைந்து, அடுத்த காம்பிராக்காரர்கள் ஓடி வந்தார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது அடுப்பின் மறுமுனையில் வேலை. காய்ந்து விழும் தூளை அள்ளுவது, பெட்டியைத் தள்ளுவது, தரையைக் கூட்டுவது என்று செக்ரோலில், அதுதான் வேலையாள் பதிவேட்டில், எழுதியிருக்கும். நான் ஈரத் தூள் போகும் முனையில் நிற்பேன். இடையில் மெசின் போடும் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. வேலை போய்விடும் என்று நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த அன்று அவள்தான் வழி சொன்னாள். "இதுக்குப் போயி ஏங்க இப்பிடி உக்காந்திருக்கீங்க? நான் அந்தப் பக்கந்தானே நிக்கிறேன். சூடு கூடுனா நெத்தியத் தொடைக்கிறேன். கொறஞ்சா முக்காட்ட காதோட இழுத்து விட்டுக்கிறேன். என்னப் பாத்துக்கிட்டே இருங்க, போதும்." வேர்க்கிறவள் நெற்றியைத் துடைக்கிறாள், குளிர்கிறவள் முக்காட்டை இழுக்கிறாள். யாருக்கு என்ன சந்தேகம் வரும்? கல்யாணமான புதிதில்கூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "அண்ணன் பொண்டாட்டிய விட்டு கண்ண எடுக்க மாட்டேங்கிறாரே" என்று தூள் சலிக்கிற பெண்கள் கேலி செய்தார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

சூட்டோடு அவள் நிற்கவில்லை. காலையில் ஸ்டோருக்கு நடக்கும்போதே, "இன்னக்கி மேமலக் கொழுந்து, தண்ணியா இருக்கும், மெல்லிசா விடுங்க" என்பாள். எனக்கு வேலை பழக்கிய பெரியவரே அவ்வளவு சொல்லவில்லை. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை. நின்றாள், பார்த்தாள், மோந்தாள், மனதில் போட்டுக்கொண்டாள். நம் ஸ்டோர் தேயிலைக்கு அந்த வருடங்களில் நல்ல பெயர். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா, பார்க்க வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவரு மூக்குக்குள்ள ஒரு மெசின் இருக்கு" என்பார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரிப்பேன். அந்த அடக்கத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

நீ பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்த வருடம் ஸ்டோருக்குப் பரீட்சைக்காரர்கள் வந்தார்கள். வருடக்கணக்காக வேலை செய்தும் கையில் ஒரு தாள் இல்லாத ஆட்களை, வேலை செய்யும் இடத்திலேயே சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் திட்டம். அதைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை, இன்று உன் பிழைப்பே அதுதான். வந்தவர் ஒரு சிங்கள ஐயா. நல்ல மனிதர். ஒவ்வொரு மெசினுக்கும் வேர்க்க விறுவிறுக்கப் போய்க் கேட்டார், டீமேக்கர் ஐயா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். என் முறையில் நான் வழக்கம்போல் மறுமுனையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தூள் பிரமாதமாக வந்தது. அவர் தாளில் எழுதிவிட்டு, கூடையோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த அம்மாவைக் காட்டி ஏதோ கேட்டார். டீமேக்கர் ஐயா சொன்னார்: "ஒன் சம்சாரத்தப் பத்திக் கேக்குறாரு. அதுக்கும் அடுப்பு வேல, சூடு பாக்குறதெல்லாம் தெரியுமான்னு. தெரியும்னா அதையும் சேத்து சோதிக்கலாமாம்."

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றேன் நான். "கூட்டும், அள்ளிப் போடும். அவ்வளவுதான்."

அவள் காதில் விழுந்தது. நின்றாள். என்னைப் பார்த்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். அது வேர்வையா, எனக்குச் சொன்ன சேதியா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நீ கேட்பாய். நம் ஆட்கள் எல்லோருக்கும் கைவசம் ஒரு காரணம் இருக்கிறது. பெரிய ஆட்கள் எது கேட்டாலும் "தெரியாதுங்க" என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். நான் வேலைக்குப் பேர் பதிந்த அன்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்து என் அப்பா காதோடு சொன்னார்: "தெரியும்னு வாயத் தொறந்தா ஒடஞ்சது வெடிச்சது அம்புட்டும் ஒன் தலையிலதான் விழும். தெரியாதுங்கன்னு சொல்லிட்டு வேலையப் பாரு." அவர் அனுபவம் அப்படி. துரைக்கு முன்னால் தெரிந்தவனாக நிற்பது திமிர், தெரியாதவனாக நிற்பது மரியாதை என்று இருந்த காலம். மெசினைப் பிரித்துப் போட்டுப் பூட்டுகிற கை வைத்திருந்தும், கேட்டால் தெரியாது என்று சொன்ன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி நானும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என் விஷயத்தில் அது பாதி உண்மைதான். அவளுக்குத் தெரியும் என்று சொன்னால் அவளைத் தனியாக நிறுத்துவார்கள், அப்புறம் என்னையும் தனியாக நிறுத்துவார்கள். என் மூக்கின் கதை வெளியே வந்துவிடும். வேலைக்குப் பயந்தேன். அதைவிட, பொண்டாட்டி மூக்கில் பிழைக்கிறவன் என்று ஊர் சொல்லுமே என்று பயந்தேன்.

சான்றிதழ் வந்தது. பிரேம் போட்டு மாட்டினோம், அம்மாதான் பொட்டு வைத்தாள். அடுத்த சில மாதங்களில் ஸ்டோரில் ஆட்களைக் குறைத்தார்கள். சான்றிதழ் இல்லாத பெண்களைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். பதினாறு வருடம் கூரைக்குக் கீழே நின்றவள், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், மழையிலும் அட்டைக்கடியிலும் செங்குத்து மலையில் கூடையோடு ஏறி இறங்கினாள். முழங்கால் வீங்க ஆரம்பித்தது அந்த வருடம்தான். அவள் போன கொஞ்ச நாளிலேயே ஸ்டோரில் தூள் கருகியது. நான் விறகைக் குறை சொன்னேன். பிறகு ஈரம் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறிச் சமாளித்தேன். "முன்ன மாதிரி வரலையேப்பா" என்பார் டீமேக்கர் ஐயா. "வயசாகுதுங்களே ஐயா" என்பேன்.

இதில் உன்னையும் இழுத்துவிட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை. நீ தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். அம்மா மலையிலிருந்து நனைந்து வந்து, அட்டை கடித்த காலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாவம் பார்த்துத்தான் நீ சொன்னாய், ஆனால் வார்த்தை சுட்டது: "அப்பா மாதிரி நீயும் அன்னைக்கே கொஞ்சம் ஆர்வமா கத்துக்கிட்டிருந்தா இப்ப இந்த மலையில ஏறி எறங்கணுமாம்மா? ஒனக்குப் புதுசா ஒண்ணு கத்துக்கவே ஆச இல்ல." அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கெல்லாம் மண்டையில ஏறாது பாப்பா. அப்பா மாதிரி வருமா?" என்றாள். நான் அங்கேதான் இருந்தேன். கையில் தேத்தண்ணி இருந்தது. குடித்தேன். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றினாள், நான் காப்பாற்றப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்தச் சான்றிதழை உன் வகுப்பில் காட்டப் போகிறேன் என்கிறாய். நீ கேட்ட அன்றே பிரேமைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுப்பு இல்லை, குடைச்சல். அதே வாரம் டீமேக்கர் ஐயா எல்லோரையும் கூப்பிட்டு, பரீட்சைக்காரர்கள் மறுபடி வருகிறார்கள் என்றார். மலைக்குப் போன பழைய ஸ்டோர் ஆட்களும் பெயர் கொடுக்கலாம், ஆனால் கூட நின்று வேலை செய்த ஒருவர் அவர்களுக்காகப் பொறுப்பாகச் சொல்ல வேண்டும். பாஸானால் ஸ்டோருக்கே திரும்ப எடுப்பார்கள். அம்மாவின் முழங்கால் மலையில் இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்பது சந்தேகம், அது உனக்கும் தெரியும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனாலும் வாலாவது கையில் கிடைத்ததே என்று நினைத்தேன்.

டீமேக்கர் ஐயாவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இத்தன வருசம் மூக்கில்லாத ஆளையாடா நான் அடுப்புல வச்சிருந்தேன்?" என்றார்.

"மூக்கு இருந்துச்சுங்க ஐயா. வேற ஆள்கிட்ட இருந்துச்சு."

"ஒன்ன இனி அங்க வச்சுக்க முடியாது, தெரியும்ல?"

"தெரியுங்க" என்றேன். அவர் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை, பதறினாள். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? புள்ளைக்குத் தெரிஞ்சா ஒங்களப் பத்தி என்ன நெனைக்கும்?" என்றாள். நினைக்கட்டும் என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, என்னை முன்னால் போக விட்டுப் பின்னால் வந்தாள்.

இந்தத் தடவை வந்தவர் ஒரு பெண், மிஸ் என்று கூப்பிட்டோம். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கொஞ்சம் தமிழ் பேசினார். "அம்மா, இந்த அடுப்பு வேல தெரியுமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தெரியாதுங்க மிஸ்" என்றாள். தன்னுடைய தமிழ் விளங்கவில்லையோ என்று அவர் சிங்களத்தில் கேட்டார். அம்மா விடுவாளா? "தன்னே நே மிஸ்" என்று சிங்களத்திலும் தெரியாது என்றே சொன்னாள். அன்று நான் சொன்ன அதே வார்த்தை இப்போது அவள் வாயிலிருந்து வந்தது. அவளை அடக்கம் என்று யாரும் மெச்சலாம். எனக்கு அதில் என் குரல்தான் கேட்டது. மிஸ்ஸின் பேனா தாளுக்குப் போனது.

எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. "மிஸ், எழுத முன்ன கொஞ்சம் பொறுங்க" என்றேன். "அது அந்தப் பக்கம் போயி நிக்கட்டும். நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். வாயில கேக்காதீங்க. அது மொகத்தப் பாருங்க." ஈரம் பார்க்கும் கருவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, என் பழைய இடத்துக்குப் போய்க் காற்றுக் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்தேன். "ஏய், தூள் கருகிப் போகும்டா!" என்று டீமேக்கர் ஐயா கத்தினார். நான் அவரைப் பார்க்கவில்லை. மறுமுனையைத்தான் பார்த்தேன்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தூள் வந்து விழ விழ அவள் கால் மாற்றி நின்றாள். வாயை இறுக்கிக்கொண்டாள். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் ஒரு பக்கம், நல்ல தூள் கண் முன்னால் பாழாகிற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். கடைசியில் வயிற்றெரிச்சல்தான் ஜெயித்தது. கை மேலே போனது. நெற்றியைத் துடைத்தாள். நான் கதவை அடைத்தேன். அப்புறம் தூளைத் தடிப்பாக விட்டேன். கொஞ்ச நேரத்தில் முக்காடு காதுக்கு வந்தது. ஆறு வருடம் மலையில் கிடந்தும் அந்த மூக்கு துருப்பிடிக்கவில்லை, பாப்பா. மிஸ் ஒவ்வொரு தடவையும் கருவியில் தூளைப் போட்டுப் பார்த்தார், பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "எப்பிடித் தெரியும் அம்மா?" என்று கிட்டப் போய்க் கேட்டார்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "இது கீழ்மலக் கொழுந்துங்க மிஸ். நேத்து நல்ல மழ. இவரு வேணும்னே தடிப்பா விட்டுட்டாரு, மேல காஞ்சு உள்ள வேகாம வந்திருக்கு, இந்தா, தொட்டுப் பாருங்களேன்" என்று ஆரம்பித்தவள் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. எனக்குத் தெரியாத விஷயமெல்லாம் சொன்னாள். மிஸ் இரண்டு தாள் எழுதி, மூன்றாவது தாளும் கேட்டு வாங்கினார். நான் பிரேமை அவரிடம் கொடுத்தேன். இதை என்ன செய்வதென்று மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். அம்மாவின் முடிவு இன்னும் வரவில்லை. வரும் என்றுதான் டீமேக்கர் ஐயா சொல்கிறார். எனக்கு இப்போது விறகு அடுக்கும் வேலை. கேலிக்குக் குறைவில்லை, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் பயந்த அந்தப் பேச்சை அப்படியே சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டுதான் விறகு அடுக்குகிறேன். முதுகு வலிக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது.

பாப்பா, உன் முன்னால் நாளைக்கு நிறையப் பேர் வந்து நிற்பார்கள். பாதிப் பேர் நம் மலைகளிலிருந்து வந்த பிள்ளைகளாக இருப்பார்கள். தெரியுமா என்று நீ கேட்டால் தெரியாது என்பார்கள். அதை அப்படியே தாளில் எழுதிவிடாதே. அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன பயம் இருக்கிறது என்று பார். மெசினை ஓட விட்டுப் பக்கத்தில் நிற்க வை, கையைப் பார், முகத்தைப் பார். புருஷனிடம் பொண்டாட்டியைப் பற்றிக் கேட்காதே, பழைய ஆளிடம் புது ஆளைப் பற்றிக் கேட்டால் பாதிதான் நம்பு. ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்ற நினைப்போடு வகுப்புக்குள் போகாதே. நன்றாக வேலை செய்கிறவன் ஒருவனைப் பார்த்தால், அவன் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கவனி. அங்கே ஒருத்தி கூடையோடு நின்றுகொண்டிருப்பாள். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான், அதையும் அவளை விற்றுத்தான் படித்தேன்.

போட்டோ அனுப்ப முடியவில்லை. அதற்குப் பதிலாக, மனம் இருந்தால் இந்தக் கடிதத்தை முதல் நாள் வகுப்பில் வாசித்துக் காட்டு. எங்கப்பா என்று சொல்லி வாசிக்க வெட்கமாக இருந்தால் யாரோ ஒருத்தர் என்று சொல்லு. அம்மாவிடம் அன்றைக்கு நீ சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழ வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. போன் பண்ணி, தூள் காய்கிற விஷயம் ஏதாவது கேள். சொல்லிக்கொண்டே இருப்பாள், உன் பேலன்ஸ்தான் தீரும்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் அம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பருப்பு அடுப்பில் இருந்தது. நான் பக்கத்தில் பேப்பரோடு. அடுத்த காம்பிராவிலிருந்து, "அண்ணே, ஒங்க வீட்டுல என்னமோ கருகுது போல, வாட வரலையா?" என்று சத்தம் வந்தது. இத்தனை வருடமும் பேப்பரில் கவனமாக இருந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நேற்று, லயம் முழுவதும் கேட்கிற மாதிரி, "எனக்கு வராதும்மா! எனக்கு மூக்கு செத்துப் பல வருசமாச்சு!" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அம்மா, இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குடத்தை இறக்கி வைத்தாள். என்னைப் பார்த்தபடியே, புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

நான் எழுந்து போய் அடுப்பைத் தணித்தேன்.

அப்பா